வென்றால் மண்ணின் மைந்தர், அதுவரை காலனிப் பயல்

போன பொங்கலுக்கு முந்தைய வாரம், தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் பொங்கல் விழாவுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலிலேயே ஆளுயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். 'தென்பாண்டிச் சீமையின் இசைமணிகள்' என்று தலைப்பு. எம்.எஸ். சுப்புலட்சுமி, டி.எம். சௌந்தரராஜன், இளையராஜா, கொல்லங்குடி கருப்பாயி, பரவை முனியம்மா, கடைசியாகப் பத்மஸ்ரீ வேலு ஆசான். மேலே கோயில் கோபுரம், கீழே ஜல்லிக்கட்டுக் காளை.

அந்த ஃபிளெக்ஸுக்குக் கீழேதான் எட்டுப் பையன்கள் பறையடித்து எங்களை வரவேற்றார்கள். சிறப்பு விருந்தினரும் முதல்வரும் அவர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பேராசிரியர் பறையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நாலு அடி அடித்தார். கைதட்டல் பறந்தது.

விழா முடிந்து உள்ளே இலை போட்டுச் சாப்பாடு. சர்க்கரைப் பொங்கல், வடை, பாயசம். பையன்களைக் காணோம். தேடிப் போனால், பின்பக்கம் நின்ற டாடா ஏஸ் வண்டி நிழலில் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். "அவங்களுக்கு வெளியிலதான் மேடம் வசதி" என்றார். பையன்களிடமும் கேட்டேன். மூத்தவன் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்: "எங்கள யாருக்கா கேட்டா?"

தோழர்களே, ஃபிளெக்ஸில் ஆறு படம். வண்டி நிழலில் எட்டுப் பொட்டலம். இரண்டுக்கும் இடையில் முப்பது மீட்டர்கூட இருக்காது. அந்த முப்பது மீட்டரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம் பக்கத்தில் 'மண்' என்ற சொல்லுக்குத் தனி மயக்கம் உண்டு. மண்ணின் மைந்தர், மண்ணின் இசை, மண்ணுக்குப் பெருமை. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் இந்த மண்ணில் ஊர் வேறு, சேரி வேறு. ஊருக்குக் கிணறு வேறு, சுடுகாடு வேறு. பாடகனும் மேளக்காரனும் பிறந்து வளர்கிறபோது அவர்களை எந்தத் தெரு என்று கேட்கிற மண், அவர்கள் உலகப் புகழ் பெற்றதும் தெருவை அழித்துவிட்டு மாவட்டத்தை மட்டும் எழுதிக்கொள்கிறது. வென்றால் மண்ணின் மைந்தர், அதுவரை காலனிப் பயல்.

வட்டாரப் பெருமை என்பது பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகிறது. வெற்றியில் பங்கு கேட்கும், அவமானத்தில் பங்கு கேட்காது.

உடனே ஒரு பதில் வரும்: "இசைக்கு ஏது சாதி?" நல்ல எண்ணத்தோடு சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஒலிக்குச் சாதி இல்லைதான். கருவிக்கு இருக்கிறது. அதைத் தொடுகிற கைக்கு இருக்கிறது. அது ஒலிக்கிற இடத்துக்கு இருக்கிறது. பறையிலும் மாட்டுத்தோல்தான், மிருதங்கத்திலும் மாட்டுத்தோல்தான். ஒன்று கோயிலுக்குள் போகும், இன்னொன்று பிணத்துக்கு முன்னால் போகும். மிருதங்கத்துக்குத் தோலைப் பதப்படுத்தி, மூட்டிக் கொடுக்கும் தலித் கைவினைஞர்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார். வாசிக்கிறவர் பெயர் மேடையில், செய்கிறவர் பெயர் பட்டறையில். சாதி இல்லாத இசை எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

சரி, அந்த ஃபிளெக்ஸில் இருந்த பெயர்களையே எடுத்துப் பார்ப்போம்.

எம்.எஸ். 1916இல் மதுரையில் பிறந்தவர். முன்னெழுத்தில் 'எம்' மதுரை. 'எஸ்' அவருடைய தாய், வீணைக் கலைஞர் சண்முகவடிவு. தகப்பன் பெயரின் இடத்தில் தாய் பெயர் நிற்கிறதே, தேவதாசி மரபின் வரலாறு முழுவதும் அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது. 1998இல் பாரத ரத்னா வாங்கியபோது அந்த எழுத்தைப் பற்றிப் பேசியவர்கள் எத்தனை பேர்? நாடு கொண்டாடிய எம்.எஸ். பட்டுப்புடவையும் மூக்குத்தியுமாக, மேல்சாதி வீட்டு மருமகளின் தோற்றத்தில் இருந்த எம்.எஸ். அவர் தலித் இல்லை. தீண்டாமைக் கோட்டுக்கு மேலே இருந்த ஒரு சமூகத்தில் பிறந்தவர். அவருக்கே தொடக்கத்தை மூடி வைத்தால்தான் முழு மரியாதை என்றால், கோட்டுக்குக் கீழே பிறந்தவர்களின் நிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து இளையராஜா. நம் பிள்ளைகளிடம் அதிகமாகக் காட்டப்படும் உதாரணம் இவர்தான். "பண்ணைப்புரத்தில் பிறந்தவர் எங்கே போய்விட்டார் பார், திறமை இருந்தால் சாதி என்ன செய்யும்?" 1943இல் பிறந்து, 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்து, 2018இல் பத்ம விபூஷண், 2022இல் மாநிலங்களவை நியமனம், 2025 மார்ச்சில் லண்டனில் சிம்பொனி. இதைவிடப் பெரிய வெற்றி தமிழ் இசையில் கிடையாது. மறுப்பே இல்லை.

ஆனால் அவருக்கு முதல் மேடையைக் கொடுத்தது யார்? மண்ணா? கோயில் மண்டபமா? சபாவா? அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டங்களில் பாடியவர். அந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போய், ஆர்மோனியம் வாசித்துத்தான் தம்பிகள் தொழில் கற்றார்கள். பிறப்பைக் கேட்காமல் பாடச் சொன்ன மேடை ஓர் இயக்கத்தின் மேடை. ஃபிளெக்ஸில் அவர் படம் இருக்கிறது, அந்த மேடை இல்லை. திறமை மட்டும் போதும் என்று சொல்கிறவர்கள் மேடையை மறைத்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். பண்ணைப்புரத்தைச் சுற்றிய ஊர்களில் அந்தக் காலத்தில் நன்றாகப் பாடிய, மேடை கிடைக்காத குரல்கள் எத்தனையோ இருந்திருக்கும். அவர்களுக்குத் திறமை இல்லாமலா போயிற்று?

இங்கே நம் ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் தலித் என்ற அடையாளத்தை ஏற்பதில்லை என்று கோபப்படுகிறோம். 2022இல் ஒரு புத்தகத்துக்கு அவர் எழுதிய முன்னுரையில் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்டபோது எனக்கும் கோபம் வந்தது. அந்தக் கருத்தை எதிர்த்து எழுதுவது நம் கடமை, எழுதினோம். ஆனால் ஒருவர் தன் பிறப்பை எந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்று கட்டளையிட நமக்கு உரிமை இல்லை. பிறர் வைத்த பெயரைச் சுமந்து காயப்பட்ட சமூகம் நாம். அதே வேலையை நாமே செய்யக் கூடாது. நம் கணக்கு அவரோடு இல்லை. அவர் படத்தைக் காட்டி "பார், சாதி போய்விட்டது" என்று நம் பிள்ளைகளிடம் சொல்கிறவர்களோடுதான்.

போய்விட்டதா? 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அர்த்த மண்டப வாசலில் அவர் நிறுத்தப்பட்டதாகச் செய்தி வந்தது. அர்ச்சகர்கள் தவிர யாருக்கும் அங்கே அனுமதியில்லை, அதுதான் மரபு என்று கோயில் தரப்பு விளக்கம் கொடுத்தது. அவரும் அது வதந்தி என்றார். அவர் சொல்வதையே ஏற்றுக்கொள்வோம். அப்படியானால் அந்தக் காணொளியைப் பார்த்த கணமே தமிழ்நாடு முழுவதும் ஒரே சந்தேகம் ஏன் எழுந்தது? வேறொரு இசையமைப்பாளர் அந்த வாசலில் நின்றிருந்தால் யாருக்காவது அந்தச் சந்தேகம் வந்திருக்குமா? சிம்பொனி எழுதுகிறவரின் பிறப்பையும் ஒரு வாசற்படி எல்லாருக்கும் நினைவுபடுத்திவிடுகிறது. சாதி எங்கேயும் போகவில்லை.

இன்னொரு கசப்பும் உண்டு. 1992இல் 'தேவர் மகன்' வந்தது. அதில் அவர் இசையமைத்த ஒரு பாட்டு தென்மாவட்டங்களில் சாதிப் பெருமைப் பாட்டாகவே மாறிப்போனது. படத்துக்கு வேண்டியதை ஓர் இசையமைப்பாளர் செய்தார், அவ்வளவுதான். ஆனால் திருவிழா ஊர்வலம் நம் தெருமுனைக்கு வந்ததும் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டி அந்தப் பாட்டைப் போட்ட கதையைத் தென்மாவட்டத்துத் தோழர்கள் எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மெட்டை எடுத்துக்கொண்டு, மெட்டுப் போட்டவர் பிறந்த தெருவைப் போன்ற தெருக்களை மிரட்ட அதையே பயன்படுத்த முடிகிறது. மண்ணின் பெருமை பேசுகிறவர்கள் இதற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

அடுத்து அலங்காநல்லூர். காளைக்குப் பேர்போன ஊர். 2025இல் அந்த ஊர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. செய்தி வந்த அன்று நானும் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. சாவு வீட்டு வாசலில் நின்ற கருவி குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் போனது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதற்கு அடுத்த வாரமே களப்பணிக்குப் போன கிராமத்தில் நான் பார்த்தது வேறு. ஊர்த்தெருவில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். காலனிக்கு ஆள் வந்து, "மேளத்தை எடுத்துட்டு வரச் சொன்னாக" என்று சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு கூலி என்ற பேச்சே இல்லை. வர முடியுமா என்ற கேள்வியும் இல்லை. கூப்பிட்டால் போக வேண்டும்.

விருது பறைக்குக் கிடைத்தது. "மாட்டேன்" என்று சொல்லும் உரிமை பறையடிக்கிறவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

சட்டத்தில் அந்த உரிமை இருக்கிறது என்பதை மாணவத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிவு 3(1)(எச்) கட்டாய வேலை வாங்குவதைக் குற்றம் என்கிறது. 3(1)(ஐ) பிணத்தையோ செத்த விலங்கையோ சுமக்கவும் அப்புறப்படுத்தவும், குழி தோண்டவும் கட்டாயப்படுத்துவதைக் குற்றம் என்கிறது. மறுத்ததற்காகக் கடையில் சாமான் கொடுக்காமல், வயலில் வேலை கொடுக்காமல் ஒதுக்கி வைத்தால் அது 3(1)(இசட்.சி)யின் கீழ் வரும். பறை என்ற சொல் இந்தப் பிரிவுகளில் இல்லை. ஆனால் விருப்பமில்லாதவரை மிரட்டி, சாவுக்குப் பறையடிக்க வைப்பது கட்டாய வேலை இல்லாமல் வேறென்ன? இந்தப் பிரிவுகளை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் "இதெல்லாம் ஊர் வழக்கம்மா" என்று சொல்லும்போது அந்தத் தாள் உதவும். எனக்கு இரண்டு முறை உதவியிருக்கிறது.

வென்ற பிறகு என்ன ஆகிறது என்பதற்குத் திருநெல்வேலிப் பக்கம் ஓர் உதாரணம். 'பரியேறும் பெருமாள்' 2018இல் வந்தது. நாயகனின் அப்பாவாக, பெண் வேடமிட்டு ஆடும் கலைஞராக நடித்தவர் வண்ணார்பேட்டை தங்கராசு. நிஜத்திலும் கூத்துக் கலைஞர். அந்த ஒரு காட்சியில் தமிழ்நாட்டையே தலைகுனிய வைத்தவர். படம் ஓடி, விருதுகள் வாங்கிய பிறகும் அவர் வறுமையில்தான் இருந்தார். அது செய்தியான பிறகுதான் உதவிகள் வந்தன. 2023இல் இறந்துபோனார். இறந்த அன்று எல்லாருடைய முகநூலிலும் அவர் படம். ஒரு கலைஞருக்கு நாம் முறையாகக் கொடுப்பது கண்ணீர் அஞ்சலி மட்டும்தானா?

இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு இறங்கியபோது, தேனிப் பக்கம் ஒரு தாய் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் மகன் பத்தாம் வகுப்பு. வேலு ஆசானின் காணொளிகளைப் பார்த்துவிட்டு நானும் பறைக் கலைஞன் ஆகப்போகிறேன் என்று நிற்கிறான். பையன் நன்றாகவே அடிப்பான், சிம்புக்குச்சி அவன் விரலில் பேசும்.

"ஏம்மா, நீங்க வந்து கலை, பண்பாடுன்னு பேசிட்டுப் போயிருவீக. இவுக அப்பா அடிச்ச கொட்டு போதும். குடிச்சிக் குடிச்சிச் செத்தாரு. சாவு வீட்டுல சாராயம் குடுத்துத்தான அடிக்க விட்டாக? எம்புள்ள அதத் தொட வேணாம்."

என்னிடம் பதில் இல்லை. சமூகவியலில் முதுகலை படித்திருக்கிறேன். கலை மீட்பு, அடையாள அரசியல் என்று பக்கம் பக்கமாக எழுதித் தேர்ச்சியும் பெற்றிருக்கிறேன். அந்த அம்மாவின் முன்னால் ஒன்றும் நிற்கவில்லை.

இரண்டு வழியும் நம் இயக்கத்தின் வழிதான் என்பதை நாம் மறக்கிறோம். இழிவு என்று திணிக்கப்பட்ட வேலையை விட்டெறிவது ஒரு வழி. செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று அம்பேத்கர் மகர்களைச் சொல்ல வைத்தாரே, அது. பறையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படிக்கப் போன நம் தாத்தாக்களின் வழியும் அதுதான். இன்னொன்று, அதே கருவியை எடுத்து அவமானத்தைத் திருப்பி அடிப்பது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டுகளை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் பிறந்த கே.ஏ. குணசேகரன் நம் பாட்டுகளை மேடைமேடையாகப் பாடி, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராகி, 'வடு' என்று தன் கதையையும் எழுதி வைத்துவிட்டுப் போனார். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு தலித் பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. ஆண்கள் மட்டும், அதுவும் சாவுக்கு மட்டும் என்ற இரண்டு விலங்கும் அங்கே சேர்ந்து உடைந்தன.

இவர்களில் ஒருவரும் 'மண்' கொடுத்த வாய்ப்பால் வந்தவர்கள் இல்லை. கட்சி, இயக்கம், கல்லூரி, கலைக்குழு என்று யாரோ போராடித் திறந்த கதவு வழியாக வந்தவர்கள். கதவைத் திறந்தவர்களை விட்டுவிட்டு, கதவைப் பூட்டி வைத்திருந்த ஊர் தன் பெயரைப் போட்டுக்கொள்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஆகவே விடுகிறவனைத் துரோகி என்றும், அடிக்கிறவனை அடிமை என்றும் நாம் சொல்ல வேண்டாம். விடுவதற்கும் அடிப்பதற்கும் அவனுக்குச் சுதந்திரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தத் தாய் கேட்டதும் அதைத்தான். தன் மகன் விரும்பினால் அடிக்கலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்ற நிலை இருந்தால் அவர் ஏன் பயப்படப் போகிறார்?

அந்தச் சுதந்திரம் வானத்திலிருந்து விழாது. அதற்குச் சோறும் சான்றிதழும் வேண்டும். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் முழுநேரப் படிப்புகளைப் பாருங்கள்: குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். பறை எங்கே? அண்மைக்காலமாகப் பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சிகள் வந்திருக்கின்றன, வரவேற்கிறேன். ஆனால் தவிலுக்கு முழுநேர ஆசிரியர், பறைக்கு வாரக் கடைசி வகுப்பு என்றால் அதுவும் ஒரு சேரிதானே? வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுக்கத் தகுதியான கலைக்கு, அரசு இசைப்பள்ளியில் ஒரு நிரந்தர ஆசிரியர் பணியிடம் கொடுக்கத் தகுதியில்லையா? நாம் கேட்க வேண்டியது இதைத்தான். சிலை வேண்டாம், தெருவுக்குப் பெயர் வேண்டாம். பணியிடம் வேண்டும், பாடத்திட்டம் வேண்டும், எழுதிக் கையெழுத்திட்ட கூலி வேண்டும்.

கல்லூரிகளில் படிக்கும் தோழர்களே, இன்னும் சில மாதங்களில் உங்கள் கல்லூரியிலும் பொங்கல் விழா வரும். பறை வரும், ஃபிளெக்ஸ் வரும். ரசியுங்கள், ஆடுங்கள், தவறில்லை. கூடவே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். குழுவுக்கு எவ்வளவு பேசினீர்கள், கையில் எவ்வளவு கொடுத்தீர்கள்? அவர்கள் பெயர் அழைப்பிதழில் இருக்கிறதா, அல்லது 'பறையாட்டம்' என்று மட்டும் இருக்கிறதா? அவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்? இந்த விழாவுக்கு வர முடியாது என்று அவர்கள் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? நான்கிற்கும் ஒழுங்கான பதில் வந்தால் அந்த ஃபிளெக்ஸில் யார் படத்தை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், நானே வந்து மாலை போடுகிறேன்.

அன்று நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பெரிய புரட்சி எதுவும் இல்லை. இலையை விட்டுவிட்டு வந்து, டாடா ஏஸ் நிழலில் அந்தப் பையன்களோடு உட்கார்ந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன். என்னைத் தேடிக்கொண்டு முதல்வர் வந்தார், அவருக்குப் பின்னால் ஏற்பாட்டாளர், அவருக்குப் பின்னால் மாணவர்கள். பத்து நிமிடத்தில் உள்ளே எட்டு இலை போடப்பட்டது. பையன்கள் போகவில்லை. "சாப்ட்டாச்சு சார்" என்று கையைக் கழுவிவிட்டு வண்டியில் ஏறினார்கள். மூத்தவன் மட்டும் ஏறுவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் போய் நின்று கேட்டான்: "சார், பேசுன காசுல ஐநூறு குறையுது."

அன்றைய விழாவில் நான் கேட்ட மிகச் சிறந்த பேச்சு அதுதான்.